பஞ்ச்லைனுக்குத் தமிழில் என்ன சொல்வது? வெள்ளிக்குள் வேண்டும்

திருச்சி, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், பாடம் "குறுங்காணொளி நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது". வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பஞ்ச்லைன் என்றே எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன், இன்று வகுப்பில் அது உதவாது என்று தெரிந்துவிட்டது.

ஒரு ரீல் போட்டுக் காட்டினேன். ஒரே பையன், தலையில் துண்டைப் போட்டால் அம்மா, எடுத்தால் மகன். அம்மா வீடு அதிர மகனைத் திட்டுகிறார், "இந்த வீட்டுல மாடு மாதிரி உழைக்கிறது நான் ஒருத்திதான்" என்று கேமராவைப் பார்த்துச் சொல்கிறார், அப்போது போன் அடிக்கிறது, அடுத்த கணம் தேன் ஒழுகும் குரலில் "ஹலோ, சொல்லுங்க அண்ணி". வகுப்பு முழுக்கச் சிரித்தது. பஞ்ச்லைன் எங்கே என்று குறிக்கச் சொன்னால் பாதிப் பேருக்கு மேல் "மாடு மாதிரி உழைக்கிறது" வசனத்தைக் குறித்திருக்கிறார்கள்! அவர்கள் மேல் தப்பில்லை. நம் ஊரில் பஞ்ச் என்றால் நாயகன் கேமராவைப் பார்த்துச் சொல்லும் பஞ்ச் டயலாக். நாம் தேடுவதோ சிரிப்பு பிறக்கும் இடம். இரண்டும் வேறு. அதனால் சொல் வேண்டும், அதற்கு முன்னால் வரும் செட்டப்புக்கும் ஒன்று வேண்டும்.

நெல்லை, செவ்வாய் காலை

அம்மா, நல்ல கேள்வி. தொல்காப்பியத்திலிருந்து தொடங்குவோம். மெய்ப்பாடு, அதாவது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவது, எட்டு வகை. அதில் முதலாவதே நகை, சிரிப்பு. அதன் நிலைக்களன், அது பிறக்கும் இடம், நான்கு: "எள்ளல் இளமை பேதைமை மடன்". இதில் மடன் என்பதற்கு உரைகாரர்கள் தரும் விளக்கத்தைப் பாருங்கள்: கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை. ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, உலகமே வேறாக மாறினாலும் அதை விடாமல் இருப்பது. என் பேத்தி காட்டும் பத்து வீடியோவில் ஏழு இதுதான். "வாங்க, சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்ட மாமா, வந்தவர் உண்மையிலேயே இலையில் உட்கார்ந்த பிறகும் அதே உபசாரத்தைத் தொடர்கிறார். ஆகவே வேர் நகையாகத்தான் இருக்க வேண்டும். என் பரிந்துரை நகைமுடிச்சு. முடிச்சு போடுவதும் அவிழ்வதும் நாடகத்தில் பழகிய வழக்கு.

நகு என்றால் ஒளிர்தலும் ஆகும். பல்லுக்கும் முத்துக்கும் நகை என்ற பெயர் உண்டு, அணிகலனும் அந்த ஒளியால்தான் நகை. "நகல்வல்லர் அல்லார்க்கு", அதாவது சிரித்து மகிழத் தெரியாதவர்க்கு, பகலிலும் உலகம் இருள் என்று வள்ளுவர் சொல்வதில் (குறள் 999) சிரிப்புக்கும் ஒளிக்கும் உள்ள இந்த உறவு இருக்கிறது என்பது என் துணிபு.

மதுரை, செவ்வாய் மதியம்

ஐயா, மதிப்போடு சொல்கிறேன், நகைமுடிச்சு என்றால் எங்கள் ஊரில் முந்தானையில் நகையை முடிந்து வைத்திருப்பது என்றுதான் நினைப்பார்கள். கலைச்சொல் கேட்டதும் பாதியாவது புரிய வேண்டும்.

நான் காணொளி வெட்டி ஒட்டும் தொழிலில் இருப்பவன், அதனால் ஒன்று சொல்ல வேண்டும். குறுங்காணொளியில் சிரிப்பு பெரும்பாலும் வரியில் வருவதில்லை, வெட்டில் வருகிறது. 2013-இல் வைன் செயலி வந்தபோது மொத்தமே 6 நொடி. அதற்குள் கதை சொல்ல வழியே இல்லை, அதனால் ஆட்கள் கேமராவை நிறுத்தி நிறுத்தி எடுத்து, வாக்கியம் முடியும் முன்பே காட்சியை அறுத்தார்கள். 2017-இல் வைன் போய்விட்டது, அந்தக் கை மட்டும் போகவில்லை. 2020 ஜூன் 29-இல் இந்தியாவில் டிக்டாக் தடையான பிறகு ரீல்ஸ், ஷார்ட்ஸ் என்று மாறியவர்களும் அதே கையோடுதான் வந்தார்கள். திருச்சி அம்மா வகுப்பில் காட்டிய ரீலில் "ஹலோ" என்ற சொல்லில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. கோபக் குரலுக்கும் தேன் குரலுக்கும் நடுவில் மூச்சுவிடும் இடைவெளிகூட வைக்காமல் ஒட்டியதில் இருக்கிறது. அரை நொடி கூட்டி வைத்துப் பாருங்கள், சிரிப்பு செத்துவிடும். ஆகவே வரி, அடி, வசனம் எதுவும் அந்தச் சொல்லில் வரக்கூடாது.

சென்னை, செவ்வாய் மாலை

அடி வரக்கூடாது என்பதை ஏற்க மாட்டேன். செய்யுளின் கடைசி அடியான ஈற்றடி இருக்கிறதே! வெண்பாவில் மற்ற அடிகளுக்கு நாற்சீர், ஈற்றடிக்கு மட்டும் முச்சீர். காது நான்காவது சீரை எதிர்பார்த்து நிற்கும்போது அது நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஏதோ ஒன்றில் சட்டென முடிகிறது. தம்பி சொல்லும் வெட்டு இதுவேதான். காளமேகத்தின் சிலேடையில் கடைசியில்தான் பாம்பும் எள்ளும் ஒன்றாகின்றன. ஈற்றடி வேண்டாம் என்றால், நிறைவாக முடித்துவைக்கும் முத்தாய்ப்பு. கச்சேரி கேட்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

நெல்லை, செவ்வாய் இரவு

முத்தாய்ப்பு தெலுங்கின் முக்தாயிம்பு. முத்து + ஆய்ப்பு என்று பிரித்துக் காட்ட ஒருவர் கிளம்புவார், இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்படிப் பிரியாது.

டொராண்டோ, புதன்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஜோக்குக்குப் பகிடி என்றுதான் சொல்லுவோம், பகிடி விடுறது, பகிடியாக் கதைக்கிறது. இங்கே பிறந்த என் மகளுக்கும் அந்தச் சொல் விளங்குது. பகிடிமுனை என்று வைத்தால் என்ன? பகு என்ற வேரிலிருந்து வந்தது என்பது என் எண்ணம், ஒன்று இரண்டாகப் பகுபடுறதுதானே பகிடி.

செட்டப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுது. இந்த வீடியோக்களில் செட்டப்பே இல்லை என்று நான் நினைக்கிறேன், அது பார்க்கிறவரின் வீட்டில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. துண்டு தலையில் ஏறினதும் அது யார், என்ன சொல்லப் போகிறா என்று உங்களுக்குத் தெரியும். என் மகளின் கொரியத் தோழி அதே அம்மா ரீலைப் பார்த்துச் சிரித்தாள், மொழி தெரியாது, அம்மாவைத் தெரியும்.

நெல்லை, புதன் மாலை

அக்கா, செட்டப் பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி. பகு என்ற வேருக்கு மட்டும் சான்று காட்ட வேண்டும், பகடி, பகிடி இரண்டுக்கும் வேர் தேடும்போது ஒலி ஒப்புமை போதாது.

திருச்சி, புதன் இரவு

அக்கா, கையேட்டின் முதல் பத்தியையே உங்கள் மடலை வைத்து மாற்றி எழுதிவிட்டேன். செட்டப்புக்குப் பீடிகை என்று வைக்கிறேன். "என்ன, பீடிகை பலமா இருக்கு?" என்று வீட்டில் கேட்கிறோமே, அதே பொருள்தான். பீடிகை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பார்ப்பவரின் சொந்த அனுபவம் வேலை செய்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லலாம். எதிர்பார்ப்பு திடீரென ஒன்றுமில்லாமல் போவதில் சிரிப்பு பிறக்கிறது என்று ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட் 1790-இல் எழுதினார். அந்த எதிர்பார்ப்பை யார் கட்டுகிறார்கள் என்று கேட்டால், இங்கே பார்ப்பவரே கட்டிக்கொண்டு வருகிறார்.

நெல்லை, வியாழன் காலை

பீடிகை வடசொல். ஆனால் மணிமேகலையில் "பீடிகை கண்டு பிறப்புணர்ந்த காதை" என்று ஒரு காதையே இருப்பதால் அத்தனை காலம் நம்மோடு இருந்துவிட்டது, அதை எதிர்க்கவில்லை.

சென்னை, வியாழன்

இடையில் இன்னொன்று. திரும்பத் திரும்ப ஓடும் வீடியோவில் கடைசிக் காட்சி முதல் காட்சியோடு ஒட்டிக்கொள்கிறதே, அதற்கு அந்தாதி என்று பெயர் வைக்கலாம், ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும் செய்யுள் வகை அது. அபிராமி அந்தாதி "உதிக்கின்ற" என்று தொடங்கி நூறாம் பாட்டில் "உதிக்கின்றவே" என்று முடிந்து மண்டலிக்கிறது, அதாவது வட்டமாகச் சேர்ந்துகொள்கிறது. லூப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் பார்த்ததில்லை.

மதுரை, வியாழன்

அந்தாதி அருமை, என் மென்பொருள் மெனுவில் இருந்தால் தினமும் பயன்படுத்துவேன். பஞ்ச்லைனுக்குக் கவிழ்ப்பு என்று எளிமையாக வைப்போமா? பானையைக் கவிழ்ப்பது போல, உள்ளே இருந்தது ஒரே வீச்சில் வெளியே. வசனத்தால் கவிழ்க்கலாம், வெட்டால் கவிழ்க்கலாம், ஒரு முகத்தாலும் கவிழ்க்கலாம்.

சென்னை, வியாழன் இரவு

ஆட்சிக் கவிழ்ப்பு நினைவுக்கு வருகிறது. ஈற்றடியை விட மனமில்லை. ஆனாலும் நாளை அச்சு, நான் குறுக்கே நிற்கவில்லை.

திருச்சி, வெள்ளி காலை

இன்று முதல் வகுப்பில் நகைமுடிச்சு, ஈற்றடி, பகிடிமுனை, கவிழ்ப்பு நான்கையும் பலகையில் எழுதி, விளக்கம் எதுவும் கொடுக்காமல் அதே ரீலைப் போட்டேன். ஈற்றடி என்றதும் கடைசியாகப் பேசிய சொல்லைத் தேடினார்கள். பகிடிமுனை பிடித்திருந்தது, ஆனால் பகிடி என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டார்கள். கவிழ்ப்பு எங்கே என்று கேட்டபோது கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து வந்து திரையில் போன் அடிக்கும் இடத்தில் விரல் வைத்தாள். ஹலோவில் கூட இல்லை, மணி அடிக்கும் இடத்திலேயே. நான் அதுவரை அப்படி யோசிக்கவில்லை, மணி அடித்ததுமே நமக்குத் தெரிந்துவிடுகிறது, ஹலோ அதை உறுதிசெய்கிறது, அவ்வளவுதான்.

அதனால் செட்டப்புக்குப் பீடிகை, லூப்புக்கு அந்தாதி, பஞ்ச்லைன் வரும் இடத்துக்குக் கவிழ்ப்பு புள்ளி என்று அச்சுக்கு அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

நெல்லை, வெள்ளி மதியம்

அம்மா, நகை என்ற வேரை விட்டது எனக்கு வருத்தம்தான், என் கட்டுரைகளில் நகைமுடிச்சு என்றே எழுதுவேன். ஆனால் அச்சகத்துக்கு உடனே போன் செய்யுங்கள். கவிழ்ப்பு வன்தொடர்க் குற்றியலுகரம், வல்லினம் மிகும். கவிழ்ப்புப் புள்ளி.