பழைய கேமரா பாடி வாங்கணும்: மலைக்காட்சிக்கும் முகப்படத்துக்கும் சேர்த்து எது? 3,500 வெள்ளி (ரிங்கிட்), சுங்கை சிப்புட், மலேசியா

பனிக்காலை:
வணக்கம். எனக்கு ரெண்டு வேலை. காலைப் பனியில் சுண்ணாம்புக் குன்றுகள், செம்பனை வரிசை ஒரு பக்கம். நிச்சயதார்த்தம், மஞ்சள் நீராட்டு மாதிரி வீட்டு விசேஷத்துல முகப்படம் இன்னொரு பக்கம். வீடியோ வேண்டாம். பாடி, லென்ஸ், ட்ரைபாட் எல்லாம் சேர்த்து 3,500 வெள்ளி. கையில் எந்த லென்சும் இல்லை.

இப்போதைக்குக் கண்ணில் பட்டது மூணு. ஈப்போவில் நிக்கான் டி750, ஷட்டர் 92,000 தடவை ஓடியது, விலை 1,900. தைப்பிங்கில் கேனன் 6டி, ஷட்டர் எண்ணிக்கை தெரியாதாம், 1,350. கோலாலம்பூரிலிருந்து தபாலில் சோனி ஏ7 மார்க் 2, ஷட்டர் 31,000, 2,100. எதை எடுக்கலாம்? நேரில் போனா என்னென்ன பார்க்கணும்?

கல்மலை:
தம்பி, பொருள் நல்ல நிலையில் இருந்தால் டி750.

நீங்கள் சொன்ன இரண்டு வேலைக்கும் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) படுகிற கஷ்டம் ஒன்றுதான். நம் பக்கம் சூரியன் தித்திவங்சா மலைத்தொடருக்குப் பின்னாலிருந்து ஏறுகிறது. வானம் வெளுத்துக்கொண்டு வரும், செம்பனை அடிமரம் இன்னும் கறுப்பாகவே கிடக்கும். வானத்தைக் காப்பாற்ற வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, பிறகு ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலப் படம்) நிழலை வெளிச்சமாக்கித் தூக்கியாக வேண்டும். விசேஷ வீட்டிலும் இதே கதைதான். வெள்ளை வேட்டியும் பந்தல் விளக்கும் ஃப்ரேமை நிறைத்தால் கேமராவின் வெளிச்ச மீட்டர் மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும், நம் கறுத்த முகங்கள் இருளில் போய்விடும். அந்த முகத்தையும் பிறகு தூக்கத்தான் வேண்டும்.

2012இல் வந்த 6டியில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100இல் எடுத்த நிழலை மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) தூக்கினால் மணல் தூவியது போல் புள்ளி வரும், சில படங்களில் கோடு கோடாகவும் தெரியும். 2014இல் வந்த டி750இல் அதே மூன்று ஸ்டாப் சுத்தமாக வருகிறது. ஐஎஸ்ஓ 3200ஐத் தாண்டிவிட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் 'இருட்டில் எப்படி' என்று ஒப்பிடும் படங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

சோனி சென்சாரும் நல்ல சென்சார்தான். பாடிக்குள்ளேயே கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது. ஆனால் பேட்டரி ஒரு சார்ஜுக்குக் கம்பெனிக் கணக்கில் 350 படம், டி750க்கு 1,230. ஒரு விசேஷத்துக்கு மூன்று பேட்டரி தேவைப்படும். கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸ் இருந்தாலும், அதற்கென்று ஒதுக்கிய பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஈரக்காற்றில் இருந்த பழைய பாடியைக் கண்ணால் பார்க்காமல் தபாலில் வாங்கவே கூடாது.

உங்கள் பட்ஜெட்டுக்கு டி750இல் இன்னொரு லாபம், பாடிக்குள் இருக்கும் ஃபோகஸ் மோட்டார். சொந்த மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் இதில் ஆட்டோ ஃபோகஸ் ஆகும். நிக்கானின் 3000, 5000 வரிசை பாடிகளில் ஆகாது. 85 எம்எம் எஃப் 1.8டி ஒன்று, 24 அல்லது 28 எம்எம் எஃப் 2.8டி ஒன்று தேடுங்கள் (எஃப் எண் சின்னதானால் லென்ஸ் அகலமாகத் திறக்கும்). 85ஐ முழுக்கத் திறந்தால் ஜரிகை ஓரத்தில் ஊதா நிறம் கசியும், எஃப் 2.8க்கு இறக்கினால் அடங்கிவிடும். தூரத்துக் குன்றுகளுக்கும் இந்த 85தான் பொருந்தும். அகல லென்சில் குன்று சுருங்கிப்போய், வெறும் வானமும் புல்லும்தான் மிஞ்சும். ட்ரைபாட்டுக்குக் குறைந்தது 250 வெள்ளி எடுத்து வையுங்கள்.

ஈரப்பசை:
எதை வாங்குவது என்று அண்ணன் சொல்லிவிட்டார். நான் சோதனையைச் சொல்கிறேன். சொந்த எஸ்டி கார்டு இரண்டு, ஒரு டார்ச், முடிந்தால் ஒரு லேப்டாப் எடுத்துப் போங்க. பகலில் போங்க.

முதலில் சென்சார். லென்சைக் கையால் ஃபோகஸ் செய்யும் நிலைக்கு மாற்றி, தூரத்தில் வைத்து, எஃப் 16, ஐஎஸ்ஓ 100இல் வெள்ளைச் சுவரைப் பாருங்க. ஷட்டர் அரை வினாடி இருக்கட்டும். அழுத்தும்போது கேமராவை மெதுவாக வட்டமாக ஆட்டுங்க. சுவரில் உள்ள கறையெல்லாம் இழுபட்டு மறைந்துவிடும், சென்சாரில் ஒட்டியது மட்டும் ஆடாமல் நிற்கும். படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாக நகர்த்திப் பாருங்க. உருண்டையான சாம்பல் புள்ளி என்றால் தூசி. ஊதினால் போகும், போகாவிட்டால் ஈர ஸ்வாப் போட்டால் போகும், அதற்காக விலை குறைக்கத் தேவையில்லை. சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாக ஓடினால் அது பூஞ்சை. சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியையே அரித்திருக்கும். எவ்வளவு மலிவு என்றாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்க. (படத்தில் மேலே தெரிவது சென்சாரில் கீழே இருக்கும். துடைக்கும்போது பலரும் இதை மறந்து நல்ல இடத்தையே தேய்ப்பார்கள்.)

அடுத்து ஷட்டர். வெறும் வானத்தை 1/4000, 1/2000, 1/1000 என்று ஒவ்வொன்றிலும் ஐந்து படம் எடுங்க. வெளிச்சம் ஒரு ஓரத்தில் மட்டும் குறைந்தாலோ, ஐந்தும் ஒரே மாதிரி இல்லாவிட்டாலோ ஷட்டர் திரை ஒழுங்காக ஓடவில்லை. டி750 ஷட்டர் 1,50,000 தடவைக்குச் சோதித்தது. 92,000 பயப்பட வேண்டிய எண் இல்லை. நிக்கானில் அந்த எண்ணிக்கை ஜேபெக் படத்தின் எக்ஸிஃப்பிலேயே (படத்தோடு சேரும் விவரக் குறிப்பு) இருக்கும், அங்கேயே ஒரு படம் எடுத்துச் சரிபார்க்கலாம். 6டி படத்தில் எழுதாது, யுஎஸ்பியில் இணைத்து மென்பொருளில்தான் படிக்கணும்.

லென்சை மூடி 30 வினாடி ஒரு படம். நாலைந்து சிவப்பு, நீலப் புள்ளி பரவாயில்லை. கூட்டமாக இருந்தால் வேண்டாம்.

பிறகு ஃபோகஸ். முகப்படம் எடுப்பவருக்கு இதுதான் முக்கியம், ஆனால் அதிகம் பேர் பார்ப்பதில்லை. ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து வைத்து, லென்சை முழுக்கத் திறந்து, நடு எண்ணைக் குறிவைங்க. வியூஃபைண்டரில் ஒன்று, லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் பார்த்து) ஒன்று எடுங்க. லைவ் வியூ கூர்மையாக இருந்து வியூஃபைண்டர் படம் முன்னாலோ பின்னாலோ விழுந்தால் மெனுவில் இருக்கும் ஃபோகஸ் ஃபைன் ட்யூனில் திருத்தலாம். அது ப்ளஸ் மைனஸ் 20 வரை போகும். 15க்கு மேல் தேவைப்பட்டால், லென்சை மாற்றியும் அதே தவறு வந்தால், பாடி எங்கோ விழுந்து அடிபட்டிருக்கலாம்.

வெளியே பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். அடித்தட்டு ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்க. பிடியிலும் கட்டைவிரல் வைக்கும் இடத்திலும் ரப்பர் உப்பிப் பிசுபிசுக்கும். இந்த ஊர் வெயிலுக்கு அது சாதாரணம், மாற்றலாம். இரண்டு கார்டு துளையிலும் எழுதிப் பாருங்க. மெனுவில் பேட்டரி இன்ஃபோ திறந்தால் பேட்டரி வயது 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் பேட்டரி முடிந்தது, புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்க.

சிவப்பு_மண்:
6டிக்காக ஒரு வார்த்தை. நிழல் விஷயத்தில் கல்மலை அண்ணன் சொன்னது உண்மை. ஆனால் மலைக்காட்சிக்கு ட்ரைபாட்டில் வைத்து, வானத்துக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று என்று எடுத்துச் சேர்த்தால் அந்தக் குறை மறைந்துபோகும். குன்று எங்கும் ஓடாது. மிச்சமாகும் 550 வெள்ளியில் கேனன் 85 எம்எம் எஃப் 1.8இன் பாதி விலைக்கு மேல் தேறிவிடும். 6டியின் நடு ஃபோகஸ் புள்ளி கோயில் விளக்கு வெளிச்சத்திலும் பிடிக்கும். ஆனால் மற்ற பத்துப் புள்ளிகளை நம்பாதீங்க. நடுவில் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பினால் எஃப் 1.8இல் கண் தப்பி காது கூர்மையாகும், எஃப் 2.8 வைங்க. ஷட்டர் 1,00,000க்குத்தான் கணக்கு, அதனால் எண்ணிக்கை தெரியாமல் 1,350 கொடுக்க வேண்டாம்.

எந்தப் பாடி எடுத்தாலும் இன்னொன்று. டி750, 6டி இரண்டுக்கும் அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/4000 வினாடிதான். நடுப்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 1.8 என்றால் 1/8000 கேட்கும். மணப்பெண்ணை மர நிழலுக்குக் கூட்டிப் போங்க, இல்லாவிட்டால் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போடுங்க.

பனிக்காலை:
ரொம்ப நன்றி அண்ணே, எல்லாருக்கும். ஈப்போ போய் டி750ஐப் பார்க்கப் போறேன். ரெண்டு கேள்வி. டி750க்குக் கம்பெனியே திரும்பக் கூப்பிட்ட பிரச்சினை இருந்ததே, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாங்கினதும் எதுல வைக்கிறது? ட்ரை கேபினட்டுக்கு (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) இப்போ காசு பத்தாது.

கல்மலை:
இரண்டு பிரச்சினை இருந்தது. ஒன்று, படத்தின் மேல் ஓரத்துக்கு வெளியே பலமான வெளிச்சம் இருந்தால் வெட்டியது போல் ஒரு இருண்ட பட்டை விழும். சூரிய உதயம் எடுக்கும் உங்களுக்கு அது தலைவலி. அடியில் ட்ரைபாட் மாட்டும் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், கறுப்புப் புள்ளி இருந்தால் அதைச் சரிசெய்தாகிவிட்டது. மற்றொன்று ஷட்டர். அதற்கு அந்தப் புள்ளி சாட்சி இல்லை. அடித்தட்டில் உள்ள சீரியல் எண்ணைக் கேட்டு வாங்கி, நிக்கான் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். புறப்படும் முன்பே கேளுங்கள். எண்ணைத் தரத் தயங்கினால் பெட்ரோல் செலவு மிச்சம்.

ஈரப்பசை:
காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 200 கிராம், சின்ன ஈரமானி. போதும். ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வைங்க. 30க்குக் கீழே இறக்கினால் ரப்பர் காயும். ஜெல் நிறம் மாறினதும் ஓவனில் 120 டிகிரியில் பழைய நிறம் திரும்பும்வரை காயவைத்து, ஆறினபிறகு டப்பாவில் போடுங்க. கேமராவைப் பையோடு அலமாரியில் வைக்காதீங்க, பூஞ்சை பையிலிருந்துதான் வரும்.

ஏர்கான் அறையிலிருந்து ஆறு மணிப் பனிக்கு நேரே எடுத்துப் போனால் லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும். ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்து மூடி, வெளியே அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு அப்புறம் திறங்க. துணியால் துடைத்தால் மறுபடி வேர்க்கும்.