குளியலறையை மாற்றிக் கட்ட ஒன்றரை லட்சம் போதுமா?

வணக்கம். பெங்களூர் அல்சூரில் முதல் மாடி வீடு, கட்டி 25 வருஷம் ஆகிறது. குளியலறை 5க்கு 7 அடி. கீழ் வீட்டு சீலிங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரக்கறை, பூச்சு பொரிந்து உதிர்கிறது. போன வாரம் அம்மா வழுக்கி, வாளியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அடி இல்லை. இனி தள்ளிப்போட முடியாது.

ஒரு மேஸ்திரி 1,15,000 ரூபாய் சொல்கிறார். பழைய டைல்ஸ் மேலேயே புதிது ஒட்டிவிடலாமாம். கசிவு அடியில் இருக்கும்போது அது எப்படிச் சரியாகும்? தரையும் உயர்ந்து, தண்ணீர் வாசலைத் தாண்டி வரும். இன்னொருவர் எல்லாவற்றையும் உடைத்து, குழாய் மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகுதான் டைல்ஸ் என்கிறார். 1,90,000. எனக்கு இவர் பேச்சுதான் சரியாகப் படுகிறது. ஆனால் கையில் இருப்பது ஒன்றரை லட்சம்.

எதில் குறைக்கலாம்? சொரசொரப்பான தரை டைல்ஸும் அம்மாவுக்குச் சுவரில் கைப்பிடியும் கட்டாயம் வேண்டும். கண்ணாடித் தடுப்பு வேண்டாம், போர் தண்ணீரில் வெள்ளை படியும். டைல்ஸை நாமே வாங்கிக் கொடுத்து, கூலி மட்டும் பேசினால் மிச்சமாகுமா? இடித்த குப்பையை அள்ளத் தனியாகக் கேட்பார்களா? அப்புறம், எத்தனை நாள் ஆகும்? இருப்பது ஒரே குளியலறை. சமீபத்தில் இங்கே வேலை செய்தவர்கள் உங்கள் கணக்கைச் சொன்னால் பெரிய உதவி.