ஆபரேஷன் முடிஞ்சாச்சு, காத்திருக்கறதுதான் முடியல: உங்க அனுபவம் சொல்லுங்க

பாலக்கோடு தக்காளி வியாபாரி:
குழந்தை இல்லைன்னு வெரிகோசீல் ஆபரேஷன், அதான் விரைக்கு மேல ரத்தக்குழாய் வீங்கறதுக்குப் பண்றது, ஆகி இன்னிக்கு 67 நாள். மூணு மாசம் கழிச்சுத்தான் விந்தணு டெஸ்ட், முன்னாடி வந்து பிரயோஜனம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வலி பத்து நாள்ல போயிடுச்சு. நேத்து அரிசி எடுக்கப் போனேன். டப்பாவுக்கு அடியில தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளுங்க, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வச்சிருக்கா என் வீட்டுக்காரி. மேல இருந்தது நேத்து தேதி. அடியில இருந்தது ஆபரேஷன் தேதி. எத்தனை நாளாச்சுன்னு ஒரு தடவைகூட அவ என்கிட்ட கேட்டதில்லை. டப்பாவை அப்படியே வச்சுட்டு மண்டிக்குக் கிளம்பிட்டேன். இன்னும் அவகிட்ட பேசல.

காவேரிப்பட்டணம்:
அந்த மூணு மாசத்தைக் கடந்தவன் நான். சேலத்துல லேப். ஹால் நிறைய ஆளுங்க. உள்ள இருந்து வந்த பொண்ணு டப்பாவைத் தூக்கிக் காட்டி, "செமன் டெஸ்ட்டுக்கு யாருங்க?"ன்னு சத்தமாக் கேட்டுச்சு. பக்கத்துல உட்கார்ந்திருந்த அம்மா பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. எழுந்து நடந்த அந்த நாலு அடிதான் இன்னும் கண்ணுல நிக்குது. பாத்ரூம்ல ஒண்ணும் முடியல, வெளிய கதவைத் தட்டிட்டே இருந்தாங்க. வீட்டுல எடுத்தா ஒரு மணி நேரத்துக்குள்ள குடுக்கணும், நம்ம ஊர்ல இருந்து அது நடக்காது. பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ்ல ரூம் போட்டு, டப்பாவைச் சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வச்சு எடுத்துட்டுப் போனேன். விந்தணு மில்லிக்கு 4 மில்லியன் இருந்தது 9 ஆச்சு. இன்னும் மூணு மாசம் பாக்கலாம்னாங்க. மாங்கா சீசன் ரெண்டு போயிடுச்சு.

ஓசூர் சிப்காட்:
மேல சொன்ன அண்ணன் கோவிச்சுக்கக் கூடாது, சும்மா காத்திருக்கறது தப்பு. எனக்கும் இதே ஆபரேஷன்தான், ஒன்பதாவது மாசம் விந்தணு எண்ணிக்கை, அதான் கவுண்ட், ஏறுச்சு, அவ்வளவுதான் என் கதை. ஆனா இதைத் தெரிஞ்சுக்கோங்க. விந்தணு உருவாகவே ஏறக்குறைய இரண்டரை மாசம் ஆகும். இன்னிக்கு டெஸ்ட்ல வர்றது அப்போ உருவாக ஆரம்பிச்சது. அதனால நடுவுல நல்லா காய்ச்சல் வந்திருந்தா ரிசல்ட் இறங்கியிருக்கலாம், டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. டெஸ்ட்டுக்கு முன்னாடி 2 முதல் 7 நாள் இடைவெளி, ஒவ்வொரு தடவையும் அதே இடைவெளி, அதே லேப். உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்ன கீழ் அளவு மில்லிக்கு 16 மில்லியன். அதுக்குக் கீழ இருந்தா குழந்தையே பிறக்காதுன்னு அர்த்தம் இல்லை. சிகரெட்டை விட்டுடுங்க. ஃபர்னஸ் பக்கம் வேலைன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஜிம்ல குடுக்கற டெஸ்டோஸ்டிரோன் ஊசி பக்கமே போகாதீங்க, அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திடக்கூடும். முக்கியமா, மனைவிக்கு 35 தாண்டியிருந்தா உங்க ரிசல்ட் வர்ற வரைக்கும் அவங்களை நிறுத்தி வைக்காதீங்க, அவங்க டெஸ்ட்டும் கூடவே ஓடணும்.

பென்னாகரம்:
தம்பி ஓசூர், நீங்க சொல்றது கவுண்ட் இருக்கறவங்களுக்கு. எனக்கு ஜீரோ. சிகரெட்டு கையால தொட்டதில்லை. விரையைத் திறந்து மைக்ரோஸ்கோப்ல தேடற ஆபரேஷன், மைக்ரோ டீசேன்னு சொல்வாங்க, அது பண்ணேன். மீதி சாம்பிளையும் பாத்துட்டு மறுநாள் போன் பண்றோம்னு டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. தொப்பூர் கணவாயில லாரி கவுந்து பஸ் நின்னுடுச்சு. தையல் இழுக்குது. வீட்டுக்காரி போர்வையை மடிச்சு எனக்கு அடியில வச்சா. அப்போதான் போன். "சாரி சார், ஒண்ணும் கிடைக்கல." அவ என் முகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டா. முன் சீட்டுல ஒரு கைக்குழந்தை அவ வளையலைப் பிடிச்சு இழுத்துட்டு இருந்துச்சு. கையை எடுக்கவே இல்லை, பஸ் கிளம்பற வரைக்கும் அப்படியே குடுத்துட்டு உட்கார்ந்திருந்தா. டோனர், அதான் வேற ஒருத்தர் தானமாக் குடுக்கற விந்தணு, அதைப் பத்தி வாயைத் திறக்கவே எங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு. கடைசில வேண்டாம்னு முடிவு பண்ணி, தத்தெடுக்க மத்திய அரசோட தத்தெடுப்பு அமைப்பான காராவுல பதிவு பண்ணிட்டுக் காத்திருக்கோம். தைரியம் சொல்லணும்னா சொல்லுங்க. எல்லாம் நம்ம கையிலதான் இருக்குன்ற மாதிரி மட்டும் சொல்லாதீங்க.

ஓசூர் சிப்காட்:
மன்னிச்சுக்கோங்கண்ணா. அவசரப்பட்டு எழுதிட்டேன்.

பாலக்கோடு தக்காளி வியாபாரி:
மூணு மாசம் முடிஞ்சுது, நாளைக்கு டெஸ்ட். அவளும் வர்றேன்னு சொல்லிட்டா. இன்னிக்குத் தாளை நான் கிழிச்சு அவ கையில குடுத்தேன், வாங்கி அந்தக் கட்டுல சொருகினா. காவேரிப்பட்டணம் அண்ணா, அந்த லாட்ஜ்ல காலைல ஏழு மணிக்கெல்லாம் ரூம் குடுப்பாங்களா?