அம்பை (அம்பாசமுத்திரம்) பக்கம் நாள் வாடகை வீடு: பாட்டில் இல்லாம குடிதண்ணி கொடுக்க என்ன வழி?

மணிமுத்தாறு ரோடு:
4 அறை உள்ள வீடு, சனி ஞாயிறு 16 பேர் வரை தங்குவாங்க. ஒவ்வொரு தடவை காலி பண்ணுனதும் ரெண்டு சாக்கு நிறைய காலி பாட்டில் சேருது. 2019 ஜனவரி 1-லேர்ந்து தண்ணி பாக்கெட்டுக்கும் பிளாஸ்டிக் கப்புக்கும் தடை. அந்தத் தடையில தண்ணி பாட்டில் சேரலங்கிறதுக்காக அதை அடுக்கி வைக்க மனசு வரல. பஞ்சாயத்துக் குழாயில ஒருநாள் விட்டு ஒருநாள் ஆத்துத் தண்ணி வருது. போர் தண்ணியில டிடிஎஸ் (கரைஞ்ச உப்போட அளவு) 900. ரெண்டும் ஒரே மாடித் தொட்டிக்குத்தான் ஏறுது. பெரிய ஆர்ஓ (உப்பெடுக்கிற மெஷின்) போடச் சொல்லுதாங்க. தேவையா? மண்பானை வச்சா வெளியூர் ஆட்கள் குடிப்பாங்களா?

விகேபுரம் பிளம்பர்:
அண்ணாச்சி, மெஷின் வாங்கதுக்கு முன்னாடி ரெண்டு தண்ணிக்கும் தனித்தனித் தொட்டியாப் பிரிங்க. நல்ல தண்ணியில உப்புத் தண்ணியக் கலந்துவிட்டு, பொறவு ஆர்ஓ வச்சு அந்த உப்ப எடுக்கது வீண் செலவு. குழாய்த் தண்ணியத் தனியா ஒரு டம்ளர்ல பிடிச்சு மீட்டர் வச்சுப் பாருங்க. ஐஎஸ் 10500ங்கிற இந்தியக் குடிதண்ணித் தரப்படி டிடிஎஸ் 500 வரைக்கும் ஏத்துக்கிடலாம். அதுக்குக் கீழ இருந்தா ஆர்ஓ வேண்டாம். வீட்டு ஆர்ஓ 1 லிட்டர் தரதுக்கு 2, 3 லிட்டர வெளிய தள்ளும். ஆனா ஒண்ணு, மீட்டர் உப்பத்தான் காட்டும், கிருமியக் காட்டாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல கோலிஃபார்ம் (கிருமி) சோதனைக்குக் கொடுங்க.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர், 16 பேருக்கு 48. அருவிக்கு நிறைச்சுட்டுப் போறதச் சேத்து 60னு வச்சுக்கிடுங்க. ரெண்டு நாளைக்கு 120. சமையலுக்கும் சேத்து 500 லிட்டர் தனித்தொட்டி தாராளம். கறுப்புத் தொட்டியா இருக்கட்டும், வெளிச்சம் புகுந்தா பாசி பிடிக்கும். ஓவர்ஃப்ளோ குழாய் வாயில கொசுவலை கட்டிருங்க.

அந்தத் தொட்டியிலேர்ந்து மண்ணப் பிடிக்கிற 5 மைக்ரான் ஸ்பன் ஃபில்டர், அடுத்து கார்பன் ஃபில்டர், கடைசியா கிருமியக் கொல்லுற யுவி விளக்கு. இந்த வரிசைய மாத்தக்கூடாது. ஐப்பசி கார்த்திகையில ஆறு கலங்கி வரும்போது மண்ணோட நிழல்ல கிருமி ஒளிஞ்சுக்கிடும், யுவி ஒளி அதுமேல படாது. அந்த ரெண்டு மாசமும் 5 மைக்ரானுக்கு முன்னாடி 20 மைக்ரான் ஒண்ணு சேத்துப் போடுங்க. ஸ்பன் பழுப்பாயிட்டாலோ தண்ணி வேகம் குறைஞ்சாலோ உடனே மாத்துங்க, மாசக் கணக்குப் பாக்க வேண்டாம். யுவி விளக்கு 8000, 9000 மணி நேரம் தான். நீலமா எரியுதுங்கிறத வச்சு நம்பாதீங்க. எரியும், ஆனா கிருமியக் கொல்லுற சக்தி போயிருக்கும். எப்பவும் போட்டே வச்சிருந்தா வருஷம் ஒருதடவை மாத்தணும்.

தொட்டி கழுவ: 500 லிட்டருக்குப் புது பிளீச்சிங் பவுடர் 75 கிராம். வாளித் தண்ணியில கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்குனதும் மேல தெளிஞ்சத மட்டும் ஊத்துங்க. 4 மணி நேரம் விட்டு முழுசா வடிச்சு, ரெண்டு தடவை அலசுங்க. அந்தத் தண்ணிய ஃபில்டர் வழியா விட்றாதீங்க, கார்பன் வீணாப் போயிரும்.

காருகுறிச்சி அக்கா:
தம்பி, மெஷின்லேர்ந்து தண்ணி நல்லாத்தான் வரும். அதுக்குப் பொறவுதான் கெடும். பஞ்சாயத்துல போட்ட குளோரின கார்பன் எடுத்துருதுல்லா, காவலுக்கு ஒண்ணும் இருக்காது. அதனால பிடிச்சு வச்சத 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க.

வராந்தாவில 40 லிட்டர் எவர்சில்வர் டிரம், பித்தளைக் குழாய் இல்லாம எவர்சில்வர் குழாயாப் பாத்து வாங்குங்க. குழாய்க்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவுல ஒரு முழம் இடம் விடணும், இல்லேன்னா பெரிய பாட்டில் நிக்காது, சாய்ச்சுப் பிடிப்பாங்க, பாட்டில் வாய் குழாய்ல ஒரசும். வழவழப்பு முதல்ல பிடிக்கிறது குழாய் மூக்குலதான். வாரம் ரெண்டு தடவை சின்னப் பிரஷ் விட்டுத் தேச்சு, கொதிதண்ணி ஊத்துங்க.

பானை வைங்க, எல்லாரும் குடிப்பாங்க. காருகுறிச்சியில குழாய் வச்சதே கிடைக்கும். புதுப்பானைய ஒரு நாள் முழுசும் ஊறவச்சு, ரெண்டு தடவை தண்ணிய மாத்திக் கொட்டுங்க, மண்வாசம் அடங்கும். சோப்பு போடக்கூடாது, சுவர்ல இறங்கிரும். தேங்கா நார் போதும். போர் தண்ணிய அதுல ஊத்தவே ஊத்தாதீங்க. வெளிப்பக்கம் வெள்ளையா உப்பு பூத்துத் துவாரம் அடைச்சிரும், பொறவு பானை குளிராது. சுவர் வழியாக் கசிஞ்சு ஆவியாறதுலதான் குளிர்ச்சி. மழைக்காலத்துல ஈரக்காத்து அடிக்கும்போது அவ்வளவா குளிராது, அது பானையோட குத்தமில்ல. குழாய் நட்ட இறுக்கித் திருகாதீங்க, விரிசல் விடும். உள்ளயும் வெளியயும் சிலிக்கான் வாஷர் போட்டு, கசிவு நிக்கிற அளவுக்குக் கையாலயே திருகுனாப் போதும்.

செம்புப் பானை பாக்க அழகு. ஆனா புளி போட்டுத் தேச்சுட்டே இருக்கணும், விட்டாக் களிம்பு பிடிக்கும். ஆள் மாறி மாறி வர்ற வீட்டுக்குச் சரிப்படாது.

பாபநாசம் தங்கல்:
அறைக்கு ரெண்டு வீதம், 1 லிட்டர் எவர்சில்வர் பாட்டில், அகல வாய் உள்ளதா வாங்குங்க. ஒடுங்குன வாயில பிரஷ் நுழையாது. 4 அறைக்கு 8, கழுவிக் காயுறதுக்கு இன்னும் 8. மூடிக்குள்ள இருக்க ரப்பர் வளையத்தக் கழட்டிக் கழுவணும். வாடை வாரது அதுலேர்ந்துதான். சோடா உப்பும் வெந்நீரும் போதும். மூடி போடாமக் கவுத்துக் காயவைங்க. கண்ணாடி பாட்டில் அறையோட நிக்கட்டும், அருவிப் பாறையில உடைஞ்சா வெறுங்காலு தாங்காது.

முன்பதிவு உறுதியானதும் வாட்ஸ்அப்ல ஒரு வரி அனுப்புங்க: "களக்காடு முண்டந்துறை காட்டுக்குள்ள போற வழியில சோதனைச்சாவடியில பிளாஸ்டிக் பாப்பாங்க, பாட்டில் வாங்க வேண்டாம், எவர்சில்வர் பாட்டில்ல தண்ணி நாங்க தாறோம்." பாதிப் பாட்டில் அதுலயே குறையும். சீல் இல்லாத தண்ணியக் குடிக்கத் தயங்குறவங்களுக்கு டிரம் பக்கத்துல ஒரு அட்டை மாட்டுங்க: இன்னைக்கு எத்தன மணிக்கு நிறைச்சது, ஃபில்டர் மாத்துன தேதி, கடைசிச் சோதனை முடிவு. பாட்டில அவங்க கண் முன்னாலயே நிறைங்க.

மணிமுத்தாறு ரோடு:
நன்றி. கரண்ட் போனா யுவி நின்னுருமே? அவசரத்துக்கு 20 லிட்டர் கேன் வாங்கி வைக்கலாமா?

விகேபுரம் பிளம்பர்:
யுவிக்கு முன்னால சொலினாய்டு வால்வு இருக்கான்னு பாத்து வாங்குங்க. கரண்ட் நின்னா அது தண்ணியையும் நிறுத்திரும். அது இல்லாத மெஷின்ல இருட்டுல சுத்தமாகாத தண்ணி வரும், யாருக்கும் தெரியாது. காலையில டிரம்மும் பானையும் நிறைஞ்சிருந்தா ஒரு பகல் ஓடிரும்.

கேன் திரும்பப் போறதுதான், ஆனா உள்ள கழுவுனாங்களான்னு நமக்குத் தெரியாது. வெயில்ல வச்ச கேன், பச்சை படிஞ்ச கேன் வாங்காதீங்க. அதுக்குப் பதிலா 20 லிட்டர் கொதிக்க வைக்கலாம், ஏறக்குறைய கால் கிலோ கேஸ் ஆகும். தளதளன்னு 1 நிமிஷம் கொதிச்சாப் போதும். மூடி வச்சு, அதே பாத்திரத்துல ஆறவிடுங்க.

காருகுறிச்சி அக்கா:
கொதிக்கும்போது ஒரு கைப்பிடி சீரகம் போடுங்க தம்பி. நிறத்தப் பாத்தே கொதிச்ச தண்ணின்னு விருந்தாளிக்குத் தெரிஞ்சிரும்.