அரவமிலா நிறுவல்: ‘சைலன்ட் இன்ஸ்டால்’ என்பதற்கு என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

எதையும் கேட்காமல், திரையில் எதையும் காட்டாமல் மென்பொருளைக் கணினியில் ஏற்றுவதுதான் ‘சைலன்ட் இன்ஸ்டால்’. அதற்குத் தமிழில் ‘அமைதி நிறுவல்’, ‘கமுக்க நிறுவல்’ என்றெல்லாம் சொல்லிப் பார்க்கலாம். ‘அமைதி நிறுவல்’ எனக்கு ஒட்டவில்லை. நீலகிரியின் தென்மேற்கு ஓரத்தில், கேரளப் பக்கம் இருக்கும் ‘சைலன்ட் வேலி’யை அமைதிப் பள்ளத்தாக்கு என்றபோதும் இதே கோளாறுதான். சிள்வண்டின் இரைச்சல் கேட்காததால் வந்த பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. வண்டு கத்தாதது ஓசையின் சங்கதி; அமைதி மனத்தின் சங்கதி. அடிதடி இல்லாமல் நடந்த நிறுவலா இது?

‘கமுக்க நிறுவல்’ காதுக்கு இனிமைதான். ஆனால் கமுக்கத்தில் மறைக்கும் எண்ணம் இருக்கிறது. அதை உளவு மென்பொருளுக்கு எடுத்து வைப்போம். ‘காதும் காதும் வைத்தாற்போல’ என்றால் இரண்டு பேர் கூட்டு வேண்டும். ‘சந்தடி சாக்கில்’ செய்வதற்கோ சத்தமே முதல் தேவை!

முப்பது கணினிகளில் மென்பொருள் ஏற்றுகிறவர் ஒவ்வொரு திரையிலும் ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று அழுத்திக்கொண்டிருக்க முடியாது. விண்டோஸ் நிறுவியில் இதற்கு இரண்டு நிலைகள். ஒன்று கேள்வி கேட்காது, வேலை எவ்வளவு முடிந்தது என்று சொல்லும் முன்னேற்றப் பட்டையை மட்டும் காட்டும். அது ‘வினவா நிறுவல்’. மற்றொன்று அந்தப் பட்டையையும் காட்டாது. நமக்குச் சொல் வேண்டியது இதற்குத்தான்.

‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்பது கோயில் யானைக்குச் சரி. கூடலூரில் பலா பழுக்கும் காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு வருகிற யானைக்கு யார் மணி கட்டுவது? அத்தனை பெரிய உடம்பு, பாதத்தின் அடியிலோ மெத்தை. விடிந்து கதவைத் திறந்தால் மரத்தடியில் சிதறிய சுளையும் லத்தியும்தான். “ராத்திரி அரவமே இல்லையே” என்பார் மாமியார். யானை ஒளிந்து வரவில்லை. வந்தது தெரியவில்லை, அவ்வளவே. ‘ஆளரவம்’ என்கிறோமே, அது வெறும் ஓசையா? ஆள் இருப்பதற்கான அடையாளம் முழுவதும் அதில் அடக்கம். பட்டையும் தெரியாமல் நடக்கும் நிறுவலுக்கு ‘அரவமிலா’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்கு அகப்படவில்லை.

அரவம் என்றால் பாம்பும் ஆயிற்றே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். மலைப்பாம்பின் பெயர் கொண்ட ‘பைத்தான்’ மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

‘சைலன்ட் அப்டேட்’டுக்கும் இதையே நீட்டலாம். ‘அரவமிலாப் புதுப்பிப்பு’ என்று எழுதும்போது ஒற்று மிகும். கலைச்சொல் பட்டியலில் சேர்ப்பவர் அதை விழுங்கிவிட வேண்டாம்.