அமெரிக்க இராணுவக் கல்விச் சலுகை பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். அத்தான் அமெரிக்க இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், 9/11-க்குப் பிந்திய ஜி.ஐ. பில் (இராணுவத்தில் சேவை செய்தவர்களுக்குப் படிப்புச் செலவும் வீட்டு வாடகைப் பணமும் தரும் அரசுத் திட்டம்) சலுகையின் 36 மாதங்களையும் சேவையில் இருக்கும்போதே மகளின் பெயருக்கு மாற்றிவிட்டார். அதற்காகவே இன்னும் 4 வருடம் கூடுதலாகச் சேவை செய்யக் கையெழுத்துப் போட்டார், அந்த 4 வருடமும் அக்கா தனியாகப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இப்போது பெறாமகள் விடுமுறைக்கு எங்களிடம் வந்திருக்கிறாள். இந்தச் சலுகையில் படிக்கும் பிள்ளைகளுக்கான வீட்டு வாடகைப் பணத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்று யாரோ சொல்ல, நேற்று இரவு கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் வாடகை, சாப்பாடு, பஸ் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள், பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. 2016-இலும் அதைப் பாதியாக்கும் மசோதா அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, ஆனால் சட்டமாகவில்லை. உழைத்து வாங்கிய உரிமையில் பிறகு கை வைப்பது சரியே இல்லை.

இங்கே யாருடைய பிள்ளையாவது இந்தச் சலுகையில் படிக்கிறதா? ஏற்கெனவே மாற்றி எழுதியவர்களையும் புதிய மாற்றங்கள் பாதிக்குமா? அந்த வாடகைப் பணம் கல்லூரி இருக்கும் ஊரைப் பொறுத்து மாறுவதால், எந்த ஊரில் படிக்கிறார்கள், கையில் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் சொல்லுங்கள். அடுத்த கிழமை அவள் திரும்பிப் போகிறாள், அதற்கு முன் தெரிந்தால் பெரிய உதவி.