புதுப்பிப்பு: சத்துவாச்சாரி வீட்டு கரண்ட் பில்
ஏப்ரலில் இரண்டு மாதக் கணக்கு 560 யூனிட் வந்து, புது ஏசி வாங்கலாமா என்று கேட்டிருந்தேன். வாங்கவில்லை. அக்னி நட்சத்திரத்தையும் சேர்த்து இந்த முறை 470.

500-ஐத் தாண்டாததுதான் லாபம். தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் மலிவு விலையும் போய்விடும்.

இருக்கும் ஏசியையே 20 டிகிரியிலிருந்து 26-க்கு ஏற்றினோம், கூடவே ஃபேன். மூன்று நாள் பையன் முறைத்தான், அப்புறம் பழகிவிட்டான். வேலூர் வெயிலில் மொட்டைமாடித் தளம் இரவு எட்டு மணிக்கும் பாதத்தைச் சுடுகிறது. அதனால் ஏழுக்கே ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பத்துக்கு மூடிய பிறகுதான் ஏசி. அம்மா போன வருஷமே சொன்னது, நான்தான் கேட்கவில்லை.

தண்ணீர் மோட்டாரை நேரத்துக்கு நிறுத்துவதுதான் இன்னும் பாக்கி. தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால்தான் ஞாபகமே வருகிறது.